தண்ணியில ஒரு கால் மைல்!

ராத்திரி 11 மணிக்கு ஈ.சி.ஆர்.ல பைக்கை முறுக்கி, பக்கத்துல வர்றவனை ஒரு கை பார்த்துடணும்னு ஆசை வந்திருக்கா உங்களுக்கு? கையைத் தூக்குங்க பார்ப்போம். பொய் சொல்லாதீங்க பாஸ், தூக்குங்க!

அந்த ஆசைக்கு அமெரிக்காவில் ஒரு முறையான பேர் உண்டு. டிராக் ரேஸ். வளைவு நெளிவு எதுவும் இல்லாத நேர்க்கோட்டுப் பாதை. ரெண்டு வண்டி. பச்சை விளக்கு எரிஞ்சதும் கால் மைல், அதாவது 402 மீட்டர் பறக்கணும். சில வகுப்புகளுக்கு 1,000 அடி, சில இடங்கள்ல எட்டில் ஒரு மைல். அவ்வளவுதான் மேட்டர்!

இதையே தார் ரோட்டுக்குப் பதிலா தண்ணியில நடத்தினா? அதுதான் டிராக் போட் ரேஸ். கலிஃபோர்னியா, அரிசோனா, டெக்ஸாஸ் பக்கம் பல பத்து வருஷமா நடக்குது. 1932 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் துடுப்புப் படகுப் போட்டி நடந்த லாங் பீச் மரைன் ஸ்டேடியத்தில்கூட பிற்பாடு இந்தப் படகுகள் உறுமியிருக்கு. இதுல ஆரம்பநிலை ஆட்கள் அதிகம் புழங்குறது ஜெட் போட்டில். அந்தக் கும்பலில் நானும் ஒருத்தி. கோயம்புத்தூரில் பம்ப்செட் பட்டறை வெச்சிருக்கறவரோட பொண்ணு. 'பம்ப்செட்டுக்கும் போட் ரேஸுக்கும் என்னம்மா சம்பந்தம்?'னு கேக்கறீங்களா? சம்பந்தமே அதுதாங்க. சொல்றேன்.

இது படகு இல்லை, பம்ப்!

சாதாரண மோட்டார் படகுக்கு அடியில் காத்தாடி மாதிரி புரொப்பல்லர் சுத்தும். ஜெட் போட்டில் வெளியே எதுவுமே சுத்தாது. படகின் அடிவயித்தில் ஒரு திறப்பு. அது வழியா தண்ணியை உறிஞ்சி, உள்ளே இம்பெல்லர் வேகமாச் சுத்தி, பின்பக்கம் ஒரு குழாய் வழியா பீய்ச்சி அடிக்கும். தண்ணி பின்னால போக, படகு முன்னால போகும். பத்தாங்கிளாஸில் மனப்பாடம் பண்ணின நியூட்டனின் மூணாவது விதி, ஞாபகம் வருதா?

இதை உருப்படியா ஓட வெச்சவர் நியூஸிலாந்தின் பில் ஹாமில்டன். ஆட்டுப் பண்ணைக்காரர், இன்ஜினீயர். அவர் ஊர் ஆறுகள் எல்லாம் முழங்கால் ஆழம், கூழாங்கல் படுகை. புரொப்பல்லர் வெச்சா கல்லில் அடிபட்டு உடையும். அதனால 1954ல் பம்ப் வெச்ச படகைச் செஞ்சார். தண்ணியை படகுக்கு அடியில் விடாம, நீர்மட்டத்துக்கு மேலே பீய்ச்சினா இன்னும் நல்லா ஓடுதுன்னு கண்டுபிடிச்சதுதான் திருப்புமுனை. 1960ல் அவருடைய ஜெட் படகுகள், அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில் கிராண்ட் கேன்யன் வழியா, நீரோட்டத்தை எதிர்த்து மேல்நோக்கியே ஏறிப் போச்சு!

இப்போ நம்ம கதைக்கு வருவோம். அமெரிக்காவில் 1970களில் குடும்பத்தோடு ஏரிக்குப் போறவங்க வாங்கின ஜெட் படகுகளில் அடிக்கடி நீங்க பார்க்கக்கூடிய பேர் 'பெர்க்லி'. அது என்ன கம்பெனி தெரியுமா? கலிஃபோர்னியா விவசாயிகளுக்கு நீர்ப்பாசன பம்ப் செஞ்சு வித்த கம்பெனி! இன்னொரு பேர் 'ஜக்கூஸி'. ஆமா, ஸ்டார் ஹோட்டல் குளியல் தொட்டிக்குப் பேர் வந்ததே, அதே ஜக்கூஸிதான். அவங்களும் கிணத்து பம்ப் செஞ்சுக்கிட்டு இருந்தவங்கதான்.

எம்.எஸ். படிக்க ஃபீனிக்ஸ் பக்கம் போன எனக்கு, இதெல்லாம் முதல்ல தெரியாது. நான் குடியிருந்த தெருவில் ஒரு பெரியவர், ரிட்டயர்டு லேத் ஆபரேட்டர். ஒரு சனிக்கிழமை அவர் கராஜ் திறந்திருந்தது. உள்ளே ஒரு பழைய படகு. அதோட பின்பக்கத்தைப் பிரிச்சுப் போட்டு, ஒரு பித்தளை நிற இம்பெல்லரைத் துடைச்சுக்கிட்டு இருந்தார். எனக்கு எங்க பட்டறை வாசனையே வந்துடுச்சு. போய் நின்னு, "கிளாண்டு கயிறு மாத்தறீங்களா?"ன்னு கேட்டேன். மனுஷன் கண்ணாடியைக் கழட்டி என்னை ஒரு பார்வை பார்த்தார். "இந்தத் தெருவில் 20 வருஷமா இருக்கேன். இதைக் கேட்ட முதல் ஆள் நீதான்"னார். அன்னிக்கு ஆரம்பிச்சது.

பிரேக் இல்லை, நியூட்ரல் இல்லை, இன்னொண்ணும் இல்லை...

ஜெட் போட்டில் ஏற நினைக்கிறவங்க முதல்ல தெரிஞ்சுக்க வேண்டிய மூணு சமாச்சாரம் இருக்கு.

ஒண்ணு, பிரேக் கிடையாது. தண்ணியே பிடிச்சு நிறுத்தினால்தான் உண்டு. ரெண்டு, நியூட்ரல் கிடையாது. இன்ஜினும் இம்பெல்லரும் ஒரே ஷாஃப்ட்டில் நேரடியா மாட்டியிருக்கும். சாவியைத் திருப்பின அடுத்த நொடியே படகு நகர ஆரம்பிச்சுடும்.

மூணாவதுதான் ஆளைக் கவுக்கறது. படகைத் திருப்ப பின்னால சுக்கான் கிடையாது. தண்ணி பீய்ச்சுற குழாயை இடம் வலமாத் திருப்பறதுதான் ஸ்டியரிங். அப்போ, ஆக்ஸிலேட்டரில் இருந்து காலை எடுத்துட்டா? பீய்ச்சல் நின்னு போகும். பீய்ச்சல் இல்லைன்னா ஸ்டியரிங்கும் இல்லை. எத்தனை சுத்து சுத்தினாலும் படகு பாட்டுக்கு போன திசையிலேயே போகும்!

யோசிச்சுப் பாருங்க. எதிர்ல ஒரு மிதவை வருது. பயம் வருது. பயம் வந்தா மனுஷன் என்ன பண்ணுவான்? காலை எடுப்பான். இது கார், பைக்கு ஓட்டினவன் ரத்தத்திலேயே ஊறின விஷயம். ஜெட் போட்டில் அதுதான் ஆபத்து. அது மட்டுமில்லை, வேகமாப் போகும்போது சடார்னு காலை எடுத்தா மூக்கு தண்ணியில் குத்தி, படகு சுழன்றுவிடும். ரிவர்ஸ் போக, பீய்ச்சலை முன்பக்கம் திருப்பிவிடுற ஒரு வாளி இருக்கும். பிரேக்குன்னு நினைச்சு அதை வேகத்தில் இறக்கினீங்கன்னா, படகு முன்னால மூழ்கி நீங்க வெளியே பறப்பீங்க.

அதனால் பெரியவர் எனக்கு முதல் மாசம் சொல்லிக்கொடுத்தது வேகம் இல்லை. அமைதியான ஓரத்தில், நடக்கிற வேகத்தில், ஒரு மிதவையை நேராப் பார்த்துப் போகணும். கிட்டே போனதும் காலைக் கொஞ்சம் அழுத்தித் திருப்பணும். ஒரு நாளைக்கு 50 தடவை. "பயம் வந்தா கால் மேலே வரும். அதை மாத்துறவரைக்கும் நீ பயணிதான், ஓட்டுநர் இல்லை" என்பார்.

நீச்சல் தெரியுமா அம்மிணி?

'அப்போ உடனே ஓட்ட விட்டுட்டாரா?'ன்னு கேட்காதீங்க. நான் சொன்ன அந்த மிதவைப் பயிற்சிக்கு முன்னாடி ஒரு முழு வருஷம் நான் எடுபிடி! டிரெய்லரை லாரியில் கொக்கி மாட்டுறது, படகை இறக்கும்போது கயிறு பிடிக்கிறது, பெட்ரோல் கேன் தூக்குறது, உறிஞ்சு வாயில் சிக்கின பாசியை எடுக்கிறது.

அந்தப் பாசி வேலையே ஒரு பாடம். பம்ப் மேலே கை விடுற அளவுக்கு ஒரு மூடி இருக்கும். அதைத் திறந்து, உள்ளே கையை விட்டு, சிக்கினதை இழுக்கணும். ஒரு பிளாஸ்டிக் பை மாட்டினாலும் போச்சு, இன்ஜின் அலறும், படகு நகராது. சாவியைக் கழட்டி என் பாக்கெட்டில் போட்ட பிறகுதான் மூடியில் கை வெப்பேன். கிணத்து மோட்டாரில் ஃபியூஸைப் பிடுங்கிட்டுத்தான் கை வெக்கணும்னு அப்பா சின்ன வயசில் சொன்னது அங்கே கைகொடுத்தது.

ஆனா ஒரு விஷயத்தில் நான் சுத்த சைபர். நீச்சல்! எங்க வீட்டில் ஆறுன்னாலே தடா. மேட்டுப்பாளையத்தில் பவானி ஆத்துக்குக் குளிக்கப் போய் திரும்பி வராத பசங்க கதையைக் கேட்டே வளர்ந்த வீடு அது. "நீச்சல் தெரியாம என் படகில் காலை வெக்காதே"ன்னுட்டார் பெரியவர். 23 வயசில், யூனிவர்சிட்டி நீச்சல் குளத்தில், அஞ்சு வயசுக் குழந்தைகளுக்கு நடுவில் பலகையைப் பிடிச்சுக்கிட்டு காலை உதைச்சேன். நாலு மாசம். பக்கத்து லேன் குட்டிப் பையன் "பரவாயில்லை, நானும் முதல்ல பயந்தேன்"னு ஆறுதல் சொன்னான் மக்களே!

வேகமாப் போனா தோத்துடுவீங்க!

இப்போ ஒரு ட்விஸ்ட். ஆரம்பநிலை ஆட்கள் ஓட்டுற வகுப்புகளில், ரொம்ப வேகமாப் போனா நீங்க அவுட்!

ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நேரம் நிர்ணயம் பண்ணியிருப்பாங்க. கீழ்ப்படி 'ரிவர் ரேசர்', அப்புறம் 'ஸ்டாக் எலிமினேட்டர்', 'மாடிஃபைட் எலிமினேட்டர்', 'புரோ எலிமினேட்டர்'னு ஏணி மேலே ஏறும். ஏற ஏற நிர்ணய நேரம் குறையும். உங்க வகுப்புக்கு 12 நொடின்னு வெச்சுக்குவோம். நீங்க 402 மீட்டரை 12.00 நொடியிலோ, அதுக்குக் கொஞ்சம் மேலேயோ முடிக்கணும். 11.99 வந்தா? 'பிரேக் அவுட்'. எதிராளி ஆமை மாதிரி வந்தாலும் அவருக்குத்தான் வெற்றி. ரெண்டு பேருமே தாண்டிட்டா, யார் குறைவாத் தாண்டினாங்களோ அவங்களுக்கு. பச்சை விழறதுக்கு முன்னாடி கிளம்பினாலும் அவுட்.

12 நொடியில் 402 மீட்டர்னா சராசரி வேகம் மணிக்கு 120 கிலோமீட்டர். கடைசிக் கோட்டில் 130 தொடுதுன்னா, ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குக்கு படகு நகர்ற தூரம் 36 சென்டிமீட்டர். ஸ்கூல் ஸ்கேலை விடக் கொஞ்சம் நீளம். அந்த இடைவெளிக்குள்ளதான் ஜெயிக்கிறதும் தோக்கிறதும்!

இந்த விதி எதுக்குத் தெரியுமா? பணக்காரன் பெரிய இன்ஜின் வாங்கிட்டு வந்து ஏழையை அமுக்கக் கூடாதுன்னு. 50 வருஷத்துப் பழைய படகும், நேத்து செஞ்ச படகும் ஒரே வரிசையில் நிற்கலாம். யாருக்குத் தன் படகைப் பத்தித் துல்லியமாத் தெரியுமோ, அவங்க கை ஓங்கும். காலையில் காத்து குளிர்ச்சியா இருக்கும்போது இன்ஜின் நல்லா இழுக்கும். மத்தியானம் 40 டிகிரி வெயிலில் அதே இன்ஜின் சோம்பேறி. டேங்கில் பெட்ரோல் குறைஞ்சா எடை குறையும். இதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வெக்கணும். எங்க படகுக்கு அப்படி மூணு நோட்டு இருக்கு.

செலவு என்ன ஆகும் சாமி?

பலரும் கேக்கற கேள்வி. ஆரம்பிக்க புதுப் படகு தேவையில்லை. 18லிருந்து 21 அடி நீளம், 1970களின் ஃபைபர் கிளாஸ் ஜெட் போட்கள் இன்னும் அமெரிக்க வீட்டுக் கொல்லைகளில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கு. சில ஆயிரம் டாலருக்குக் கிடைக்கும். உள்ளே ஃபோர்டு 460, ஷெவர்லே 454, ஓல்ட்ஸ்மொபைல் 455ன்னு ஏழரை லிட்டர் சைஸ் வி8 இன்ஜின் உட்கார்ந்திருக்கும். நம்ம மாருதி 800 இன்ஜின் மாதிரி ஒன்பதைச் சேர்த்துக் கட்டினா எவ்வளவோ, அவ்வளவு!

வாங்கும்போது பெயின்ட் பளபளப்பைப் பார்த்து மயங்காதீங்க. இன்ஜினைத் தாங்குற மரச்சட்டங்கள் உளுத்துப் போயிருக்கான்னு தட்டிப் பாருங்க. இம்பெல்லருக்கும் அதைச் சுத்தி இருக்கிற வளையத்துக்கும் நடுவில் இடைவெளி அதிகமா இருந்தா, தண்ணி உள்ளேயே திரும்பி ஓடி சக்தி வீணாகும். ஷாஃப்ட் உள்ளே நுழையுற இடத்தில் கிளாண்டு கயிறு சொட்டுச் சொட்டா ஒழுகணும். ஒழுகலைன்னா நல்லதுன்னு நினைக்காதீங்க, சூடாகி ஷாஃப்ட்டை அரிச்சுடும்.

அடுத்தது நம்ம பசங்க எல்லாரும் ஆசைப்படற 'பவர் ஏத்துறது'. இங்கேதான் பம்ப் விதி சிரிக்கும். இம்பெல்லர் சுத்துற வேகத்தின் மூணாவது மடிக்கு ஏத்த மாதிரி சக்தி கேட்கும். 5,000 சுத்து சுத்துற பம்ப்பை 5,500 சுத்த வெக்கணுமா? 10 சதவிகிதம்தானேன்னு தோணும். ஆனா 33 சதவிகிதம் கூடுதல் குதிரைசக்தி வேணும். 6,000 சுத்தணும்னா 73 சதவிகிதம்! சம்பளம் மொத்தமும் இன்ஜினில் கரையும். அதே பணத்தில் உறிஞ்சு வாயைச் சீராத் தேய்ச்சு, வளையத்தை மாத்தினா இருக்கிற சக்தியே ஒழுங்கா வேலை செய்யும். எங்க பெரியவர் படகில் அப்படித்தான் பண்ணினோம்.

உண்மையில் காசைக் கஞ்சத்தனம் இல்லாம கொட்ட வேண்டிய இடம் வேற. பந்தயத்துக்குன்னே செஞ்ச லைஃப் ஜாக்கெட், ஹெல்மெட், தீயணைப்பான், அப்புறம் கில் ஸ்விட்ச். இது ஒரு சுருள் கயிறு. ஒரு முனை உங்க உடம்பில், மறுமுனை ஸ்விட்ச்சில். நீங்க தூக்கி எறியப்பட்டா இன்ஜின் அணைஞ்சுடும். 26 அடிக்குக் குறைவான, இந்த வசதி பொருத்தப்பட்ட படகுகளில் அதை மாட்டிக்கணும்னு 2021 ஏப்ரலில் இருந்து அமெரிக்கச் சட்டமே இருக்கு. இன்னொண்ணு, ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி குறைஞ்சது 4 நிமிஷம் இன்ஜின் அறையில் காத்தாடியை ஓட விடணும். தேங்கின பெட்ரோல் ஆவியில் ஒரு பொறி பட்டா படகே வெடிகுண்டு. மோந்து பார்த்துட்டுத்தான் சாவி! உங்க மெடிக்கல் இன்ஷூரன்ஸ் மோட்டார் பந்தயத்தை ஒதுக்கி வெச்சிருக்கான்னு பொடி எழுத்தையும் படிச்சுடுங்க.

அப்பாவுக்கு ஒரு போன்

இந்த விளையாட்டில் ஆள் சாகலாம். அதை மறைச்சுட்டு நான் எழுதினா நீங்க என்னை மன்னிக்கக் கூடாது.

எடி ஹில்னு ஒரு அமெரிக்க வீரர். 1982ல் கலிஃபோர்னியாவில் தண்ணி மேல 229 மைல், அதாவது மணிக்கு 368 கிலோமீட்டர் வேகம் தொட்டுச் சாதனை பண்ணினவர். 1984ல் அரிசோனாவில் சுமார் 350 கிலோமீட்டர் வேகத்தில் படகு கவிழ்ந்து தூக்கி எறியப்பட்டார். எலும்புகள் முறிஞ்சு ஆஸ்பத்திரி. அதோட படகை விட்டுட்டு தரைக்கே திரும்பி, 1988ல் காரில் கால் மைலை 5 நொடிக்குள் தாண்டின முதல் ஆள் ஆனார். அவ்வளவு வேகத்தில் தண்ணி, தண்ணி மாதிரி இருக்காது. சிமென்ட் தரை மாதிரி அடிக்கும். அதனாலதான் வேகமான திறந்த படகு ஓட்டுறவங்க லைஃப் ஜாக்கெட்டில் ஒரு சின்ன பாராசூட்டும் வெச்சுக்கிட்டாங்க. பிற்பாடு அதிவேகப் படகுகளுக்கு ஓட்டுநரைச் சுத்தி உடையாத கூண்டு வந்துச்சு. கூண்டில் உட்கார்றவங்களை பெல்ட் போட்டு, தண்ணிக்குள் தலைகீழாக் கவுத்து, தானா வெளியே வரச் சொல்லித் தேர்வு வெக்கிற படகுப் பந்தய அமைப்புகளும் உண்டு.

எங்க பெரியவர் 1980களில் ஒரு நண்பரை இப்படி இழந்தவர். கராஜ் சுவரில் அந்த நண்பரோட ஹெல்மெட் தொங்குது. அதைப் பத்தி ரெண்டு வாக்கியத்துக்கு மேல பேச மாட்டார்.

நான் முதல்முறையா ஓட்டுநரா பேர் கொடுக்கறதுக்கு முன்னாடி வீட்டுக்கு போன் பண்ணினேன். மறைச்சு ஓட்ட எனக்கு இஷ்டமில்லை. அப்பா ரொம்ப நேரம் பேசலை.

"ஏங் கண்ணு, ஆத்துப் பக்கமே விடாம வளத்துன புள்ளைய இப்ப ஆத்துல ரேஸு உடச் சொல்றியா?"

"அப்பா, இது படகு மாதிரிதாங்க இருக்கும். உள்ள இருக்கறது நம்ம பம்ப்புங்க."

"பம்ப்பா? என்ன பம்ப்பு?"

சொன்னேன். ஒரே ஸ்டேஜ், இம்பெல்லர், வளையம், கிளாண்டு. கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் அப்பா கேட்டார், "வளையத்துல கேப்பு எவ்வளவு உட்டிருக்கீங்க? கிளாண்டு ஒழுகுதா?"

"ஒழுகுதுங்கப்பா. சொட்டுச் சொட்டா."

"செரி. பேரிங்குக்கு கிரீஸு நீயே அடி. அடுத்தவன் அடிச்சதை நம்பாதே." அப்புறம் குரல் மாறிப்போச்சு. "மனசுக்குச் செரிப்படலீன்னா திரும்பி வந்துரு சாமி. பாதியில திரும்புனா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

சம்மதம்னு அவர் வாயால சொல்லவே இல்லை. ஆனா அதுக்கப்புறம் ஒவ்வொரு ரேஸுக்கு முன்னாடியும் "கிரீஸு அடிச்சாச்சா?"ன்னு ஒரு மெசேஜ் மட்டும் வந்துடும்.

12.09

எங்க ஏரியா கிளப்பில் புதுசா வர்றவங்களை உடனே போட்டியில் விட மாட்டாங்க. தனியா ஓட விட்டுப் பார்ப்பாங்க. முதல்ல பாதி வேகம், அப்புறம் முக்கால், அப்புறம் முழுசு. கோட்டைத் தாண்டினதும் காலை எப்படி எடுக்கறோம்னுதான் கூர்ந்து கவனிப்பாங்க. வெண்ணெய் மாதிரி மெதுவா இறக்கணும். எனக்கு ரெண்டு நாள் ஆச்சு.

என் முதல் போட்டி. ரெண்டு படகும் மெதுவா நகர்ந்துகிட்டே கோட்டுக்கு வருது. நியூட்ரல் இல்லாததால நிக்கவும் முடியாது. கடிகாரம் இறங்குது... பச்சை! காலை அழுத்தினேன். முதுகை யாரோ சுவத்தோட வெச்சு அமுக்கின மாதிரி இருந்துச்சு. மூக்கு தூக்கி வானம் மட்டும் தெரிஞ்சு, அப்புறம் படகு சமமாகி, தண்ணி கண்ணாடி மாதிரி ஓடி வந்துச்சு. 12 நொடி. அதுக்குள்ள யோசிக்க நேரம் கிடையாது. உடம்பு கத்துக்கிட்டது மட்டும்தான் வேலை செய்யும்.

நான் 12.09. பக்கத்து லேன்காரர், 60 வயசுக்கு மேல, 12.03. ரெண்டு பேருமே சுத்தமாக் கிளம்பினோம். அவர் கொஞ்சம் முன்னாடி. முதல் ரவுண்டிலேயே வீட்டுக்கு! அவரே வந்து கை கொடுத்து, என் இம்பெல்லர் வளையத்தைப் பத்தி அரை மணி நேரம் பேசிட்டுப் போனார். இந்த விளையாட்டில் பாதிப் பேர் இப்படித்தான். எதிராளிக்கு ஸ்பேனர் கொடுத்துட்டு அப்புறம் வந்து ஜெயிப்பாங்க.

காத்து அடிச்ச மத்தியானம்

அடுத்த வருஷம் ஒரு போட்டி, கொலராடோ ஆற்றங்கரையில். மூணு மணி நேரம் டிரெய்லரை இழுத்துக்கிட்டுப் போனோம். காலையில் ரெண்டு ரவுண்டு ஜெயிச்சேன். என் வாழ்க்கையில் முதல்முறையா அரையிறுதி!

மத்தியானம் காத்து எழும்பிச்சு. கரையில் நின்னு பார்த்தா சின்னச் சின்ன சுருக்கம்தான், தொட்டிலில் குழந்தை கால் ஆட்டின மாதிரி. ஆனா 130 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சுருக்கம் ஒவ்வொண்ணும் ஒரு வேகத்தடை. படகு அதில் ஏறினா அடியில் காத்து புகும். பம்ப் தண்ணிக்குப் பதிலா காத்தைக் குடிக்கும். பீய்ச்சல் போகும். பீய்ச்சல் போனா... ஸ்டியரிங் கதை உங்களுக்கே தெரியும்.

நடத்துறவங்க போட்டியை நிறுத்தலை. விதிப்படி ஓடலாம். "விருப்பம் உள்ளவங்க வரலாம்"னு மைக்கில் சொன்னாங்க. நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் வாயே திறக்கலை. "ஓட்டுநர் நீ"ங்கிற மாதிரி வேற பக்கம் பார்த்துக்கிட்டார். நுழைவுக் கட்டணம், பெட்ரோல், ஒரு மாச சேமிப்பு, ரெண்டு வருஷக் கனவு. எல்லாம் அந்த 402 மீட்டரில் இருந்துச்சு.

நான் போய் "என் படகு வரலைங்க"ன்னு சொல்லிட்டேன்.

இப்போ நீங்க எதிர்பார்க்கறீங்க, எதிராளிக்கு ஏதோ ஆகியிருக்கும்னு. இல்லை. அவர் தனியா ஓடி, பத்திரமா வந்து, அப்புறம் ஃபைனலும் ஜெயிச்சு கோப்பையோட போட்டோ எடுத்துக்கிட்டார். நான் கைதட்டினேன். உள்ளே எரிஞ்சுதுதான், இல்லைன்னு சொன்னா அது நடிப்பு. ஆனா ஒரு தடவைகூட 'தப்புப் பண்ணிட்டோமோ'ன்னு தோணலை. அந்த மூணு நோட்டிலும் அவ்வளவு காத்தில் என் படகு எப்படி நடந்துக்கும்னு ஒரு வரிகூட இல்லை. தெரியாத தண்ணியில் தைரியத்தை மட்டும் நம்பி இறங்கறது பந்தயம் இல்லைங்க, லாட்டரி.

படகை டிரெய்லரில் ஏத்தும்போது பெரியவர் சொன்னது ஒரே வார்த்தை. "ஓட்டுநர்." மிதவைப் பயிற்சி அப்போ என்னைப் பயணின்னு சொன்ன அதே மனுஷன்! கோப்பை கிடைச்சிருந்தா ஷெல்ஃபில் தூசி படிஞ்சிருக்கும். இந்த வார்த்தைக்கு இன்னும் தூசி படியலை.

நீங்க இறங்கணுமா?

மேல்படிப்புக்கு அந்தப் பக்கம் போறவங்க இருந்தா, என் சிபாரிசு இதுதான். முதல்ல ஒரு போட்டிக்குச் சும்மா வேடிக்கை பார்க்கப் போங்க. டெக்ஸாஸில் மார்பிள் ஃபால்ஸ் மாதிரி, டிராக் போட் போட்டிக்குப் பேர்போன ஊர்கள் இருக்கு. படகுகளைத் தயார் பண்ற இடத்தில் சுத்தி வாங்க. யாராவது ஒருத்தர் கயிறு பிடிக்க ஆள் தேடிக்கிட்டு இருப்பார். பிடிங்க. ஒரு வருஷம் பிடிங்க. நீச்சல் தெரியலைன்னா இன்னிக்கே கத்துக்கோங்க. படகு அப்புறம் வாங்கலாம்.

ஊரிலேயே இருக்கறவங்களுக்கு? நம்ம ஏரியில் இதை முயற்சி பண்ணாதீங்க, ப்ளீஸ். ஆனா ஈ.சி.ஆர்.ல அந்தப் பைக்கை முறுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வியை உங்களையே கேட்டுக்கோங்க. உங்க வண்டி 402 மீட்டரை எத்தனை நொடியில் தாண்டும், எவ்வளவு தூரத்தில் நிற்கும்னு நோட்டில் எழுதித் தர முடியுமா? முடியாதுன்னா நீங்க இன்னும் பயணிதான் பாஸ். முறுக்குறது யாருக்கும் வரும்.

இருங்க, போன் அடிக்குது. மெசேஜ்தான்.

"கிரீஸு அடிச்சாச்சா?"